தம்பி மேல் கிரிமினல் கேஸ், உள்ளூர் வக்கீல்கள் எடுக்கத் தயங்குகிறார்கள். யாரிடம் போவது?

மடைக்காரர் மகள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திருநெல்வேலி மாவட்டத்தில் ஒரு தாலுகா ஊரிலிருந்து எழுதுகிறேன். நான் பள்ளி ஆசிரியை. அப்பா விவசாயி. தம்பி ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக், கோயில் கொடைக்காக லீவில் வந்திருக்கிறான்.

கொடை முடிந்த பிறகு பக்கத்து வயல்காரருக்கும் அப்பாவுக்கும் மடை திருப்புவதில் தகராறு. சாயங்காலம் ஆறு மணி இருக்கும். எங்கள் பக்கம் அப்பாவும் பெரியப்பா மகனும், அவர்கள் பக்கம் மூன்று பேர். வாய்ப்பேச்சு கைகலப்பாகி மம்பட்டிக் கணை (கைப்பிடிக் கட்டை) வரை போய்விட்டது. அப்பாவுக்கு நெற்றியில் தையல். அவர்களில் ஒருவருக்குக் கை எலும்பு முறிவு, தலையிலும் காயம். தம்பி அப்போது வயலிலேயே இல்லை. அம்மாவின் போனுக்கு டிஸ்பிளே மாற்ற பஜாரில் ஒரு செல்போன் கடையில் உட்கார்ந்திருந்தான். நான் கூப்பிட்டுச் சொன்ன பிறகு நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தான்.

எஃப்ஐஆரில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் வரிசையில் அப்பா ஏ1, தம்பி ஏ2, பெரியப்பா மகன் ஏ3. புதிய தண்டனைச் சட்டமான பிஎன்எஸ்-இல் 296(பி), 118(1), 351(3), அதாவது ஆபாசப் பேச்சு, ஆயுதத்தால் காயம், கொலை மிரட்டல் என்று போட்டிருக்கிறார்கள். இப்போது 109-ம் சேர்க்கப்போகிறார்களாம், அதாவது பழைய 307, கொலை முயற்சி. நாங்கள் கொடுத்த புகாருக்கு, புகார் வந்தது என்ற சிஎஸ்ஆர் ரசீது தந்ததோடு சரி, எஃப்ஐஆர் போடவில்லை. அப்பா இன்னும் ஆஸ்பத்திரியில். தம்பி எங்கே இருக்கிறான் என்று இங்கே எழுதவில்லை, மன்னிக்கவும்.

எதிர்த்தரப்பு வீட்டு மருமகன் எங்கள் தாலுகா கோர்ட்டிலேயே வக்கீல். அதனால் அங்கே போனால் யாரும் பிடிகொடுக்கவில்லை. ஒருவர், “கூடவே இருக்கிறவர் குடும்பம், சங்கடமா இருக்கும்மா” என்று எழுந்துவிட்டார். இன்னொருவர் முழுக்கதையும் கேட்டுவிட்டு, இந்தக் கேஸை யாரும் எடுக்க வேண்டாம் என்று வக்கீல்களின் பார் சங்கத்தில் பேச்சு இருப்பதாகச் சொன்னார். அவரிடம் சொன்னதெல்லாம் எதிர்த்தரப்புக்குப் போயிருக்குமோ என்று அம்மாவுக்குப் பயம்.

அப்புறம் வெளியே தேடினோம். மாமா கூட்டிப்போன வக்கீல் கட்சியில் செல்வாக்கானவர். “இன்ஸ்பெக்டர் நமக்கு வேண்டியவர், தம்பி பேரை எஃப்ஐஆர்ல இருந்தே எடுத்திடலாம், ஒன்றரை லட்சம், எல்லாம் அதில் அடக்கம்” என்றார். மதுரை ஹைகோர்ட் வக்கீல் ஒருவரும் போனில் பேசினார். நல்ல பெயர் உள்ளவர், ஆனால் நெல்லைக்கு வரமாட்டாராம். பாளையங்கோட்டையில் ஒரு பெண் வக்கீலையும் பார்த்தோம். எஃப்ஐஆரை இரண்டு தடவை நிதானமாகப் படித்துவிட்டு, “அடிபட்டவரோட ஏஆர்ல எத்தனை பேர் அடிச்சதா இருக்கு?” என்று கேட்டார். எங்களுக்கு அது என்னவென்றே தெரியவில்லை. முன்ஜாமீன் கிடைக்குமா என்றதற்கு, “மனு போடலாம், கிடைக்கும்னு வாக்குக் கொடுக்க மாட்டேன்” என்றார். 307 கேஸுக்குப் பெண் வக்கீலா என்று உறவுக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள்.

யாரை வைப்பது? மூன்று பேருக்கும் ஒரே வக்கீல் போதுமா? தம்பிக்கு மாதக் கடைசியில் டிக்கெட். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை.


கேஸ்கட்டு எழுதியது:

அம்மா, நான் பாளையங்கோட்டையில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். சட்டம் படித்தவன் இல்லை, கேஸ் கட்டு தூக்கியவன். பார்த்ததைச் சொல்கிறேன்.

வக்கீல் பேச்சை ஒரு நிமிடம் விடுங்கள். அந்தச் செல்போன் கடையில் கேமரா இருக்கிறதா? எதிர்க்கடையில்? இருந்தால் இன்றைக்கே ஆள் போக வேண்டும். ஹார்ட்டிஸ்க் நிரம்பினால் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும், பிறகு யார் அழுதாலும் வராது. கடைக்காரரிடம் மரியாதையாகக் கேட்டு, அந்த நேரத்துப் பதிவை வெட்டாமல் அப்படியே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். இப்படிச் சொல் அப்படிச் சொல் என்று அவருக்கு எதையும் சொல்லிக்கொடுக்காதீர்கள். டிஸ்பிளே மாற்றிய பில், ஜிபேயில் பணம் போன நேரம், நீங்கள் தம்பிக்குப் போன் செய்த நேரம், எல்லாம் பத்திரம்.

இப்போது அந்த ஏஆர். அடிபட்டவர் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனதும் டியூட்டி டாக்டர் ஆக்ஸிடென்ட் ரெஜிஸ்டரில் பதிவு போடுவார். எங்கே, எத்தனை மணிக்கு, தெரிந்த ஆட்கள் எத்தனை பேர், எதனால் அடித்தார்கள் என்று அடிபட்டவர் சொன்னதை எழுதிக்கொள்வார். பெரும்பாலும் போலீஸ் புகார் எழுதி வாங்குவதற்கு முன்னாலேயே இது நடந்துவிடும். வக்கீல், உறவுக்காரர் யாரும் பக்கத்தில் இருந்து யோசனை சொல்லாத நேரத்துப் பேச்சு அது. அதில் ‘தெரிந்த இருவர்’ என்று இருந்து, எஃப்ஐஆரில் மூன்று பேர் வந்திருந்தால், மூன்றாவது ஆள் எப்போது வந்தார் என்ற கேள்விக்கு எதிர்த்தரப்பு பதில் சொல்லியாக வேண்டும். உங்கள் தம்பியின் கேஸே அந்த ஒரு வரியில் நிற்கலாம். நகல் உங்கள் கைக்கு வர நாளாகும். ஆனால் முன்ஜாமீன் மனு விசாரணைக்கு வரும்போது, அரசு வக்கீல் வைத்திருக்கும் போலீஸ் விசாரணைக் குறிப்பான கேஸ் டைரியில் அதைப் பார்க்கும்படி நீதிபதியைக் கேட்கலாம்.

பாளையங்கோட்டை அம்மா முதல் சந்திப்பிலேயே அதைக் கேட்டிருக்கிறார் என்றால் கிரிமினல் வேலை தெரிந்தவர். எங்கள் சீனியரும் அப்படித்தான். கேஸ் கொண்டுவந்தவர் அழுது முடிக்கும் வரை பொறுமையாக இருப்பார், அப்புறம் எஃப்ஐஆர் எத்தனை மணிக்குப் பதிவு, மாஜிஸ்திரேட்டுக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தது, நடுவில் ஏன் இவ்வளவு நேரம் என்று பென்சிலால் ஓரத்தில் குறித்துக்கொண்டே போவார். ஜெயித்த கேஸ்களில் பாதி அந்தப் பென்சில் குறிப்பிலிருந்து வந்தது.

இன்ஸ்பெக்டரைத் தெரியும் என்பவர் பற்றி. பதிவான எஃப்ஐஆரிலிருந்து யாரும் பெயரை அழித்து எடுக்க முடியாது. அதன் நகல் ஏற்கெனவே மாஜிஸ்திரேட்டிடம் இருக்கிறது. விசாரணையில் ஒருவருக்குச் சம்பந்தமில்லை என்று தெரிந்தால், கடைசியில் கோர்ட்டுக்குப் போகும் அறிக்கையில் அவரை விடலாம், அவ்வளவுதான். அதற்கும் கேமரா பதிவு மாதிரி ஏதாவது கையில் வேண்டும். ஒன்றரை லட்சத்தில் ‘எல்லாம்’ என்கிறாரே, எதெல்லாம் என்று கேளுங்கள். முன்ஜாமீன் மட்டுமா, அது தள்ளுபடியானால் மதுரைக்குப் போவதா, சார்ஜ் ஷீட் வந்த பிறகு வாய்தாவுக்கு வாய்தா நிற்பதா, குறுக்கு விசாரணையா? அந்தப் பேச்சை எடுத்தாலே ஆளைத் தெரிந்துவிடும்.

தாலுகா கோர்ட் வக்கீல்கள் தயங்குவதை நினைத்து இப்போதைக்குக் கலங்க வேண்டாம். முன்ஜாமீன் மனு எப்படியும் பாளையங்கோட்டையில் மாவட்ட முதன்மை செஷன்ஸ் கோர்ட்டில்தான் போடப்போகிறீர்கள். 109 நின்றாலும் விசாரணை செஷன்ஸுக்குத்தான் போகும். அதனால் அந்தக் கோர்ட்டில் தினமும் நிற்கிறவர் வேண்டும். மதுரைக்காரர் எவ்வளவு பெரிய வக்கீலாக இருந்தாலும், நாளைக்குத் தம்பியைப் பிடித்து ரிமாண்டுக்குக் கொண்டுபோனால் அரை மணி நேரத்தில் மாஜிஸ்திரேட் முன்னால் நிற்க முடியாது. அவர் நம்பரை வைத்துக்கொள்ளுங்கள், ஹைகோர்ட் போக வேண்டி வந்தால் உதவும்.

இ-கோர்ட்ஸ் தளத்தில் வக்கீல் பெயரைப் போட்டோ, எம்எஸ் என்று தொடங்கும் பார் கவுன்சில் பதிவு எண்ணைப் போட்டோ தேடலாம். என்ன மாதிரி கேஸ்கள் நடத்துகிறார் என்று வரும். சொத்து வழக்காகவே இருந்தால் அவர் நல்ல சிவில் வக்கீல், உங்களுக்கு ஆகமாட்டார். அதைவிட நல்ல வழி, ஒரு நாள் காலையில் செஷன்ஸ் கோர்ட்டில் பின்பெஞ்சில் போய் உட்காருவது. திறந்த கோர்ட், யாரும் தடுக்க மாட்டார்கள். யார் கேஸ் கூப்பிட்டதும் தானே எழுந்து நிற்கிறார், யார் ஜூனியரை அனுப்பி வாய்தா கேட்கிறார் என்று ஒரு காலைப்பொழுதில் தெரிந்துவிடும்.

பெண் வக்கீலா என்று கேட்பவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். கொலை கேஸில் டாக்டரை நிறுத்தி, காயத்தின் நீளம் அகலம் ஆழம் என்று வரிசையாகக் கேட்டு மடக்கிய பெண் வக்கீல்களை இதே கோர்ட்டில் பார்த்திருக்கிறேன். அவர்களும் பார்க்கட்டும்.


வழக்கறிஞர், தூத்துக்குடி எழுதியது:

குமாஸ்தா ஐயா சொன்னது பெரும்பாலும் சரி. சட்டப் பக்கம் சிலவற்றைச் சேர்க்கிறேன், சகோதரி.

இப்போது இருக்கும் பிரிவுகளில் 351(3)-க்குத்தான் அதிகத் தண்டனை, ஏழு ஆண்டு வரை. ஏழு ஆண்டு வரையிலான குற்றங்களில் கைது ஏன் தேவை என்று போலீஸ் காரணம் எழுதியாக வேண்டும், தேவையில்லை என்றால் நோட்டீஸ் கொடுத்து விசாரிக்க வேண்டும். 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. அந்த நோட்டீஸ் இப்போது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்-இல் 35(3). வீட்டுக்கு அப்படி ஏதாவது வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தால் போகாமல் இருக்கக் கூடாது, வக்கீலைக் கேட்டுக்கொண்டு போக வேண்டும். 109 சேர்ந்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். காயம் பட்டிருப்பதால் அதில் ஆயுள் தண்டனை வரை போகலாம்.

முன்ஜாமீன் இப்போது பிஎன்எஸ்எஸ் 482. செஷன்ஸ், ஹைகோர்ட் இரண்டுக்குமே அதிகாரம் உண்டு, நடைமுறையில் முதலில் செஷன்ஸ். 109 சேர்க்கட்டும், பிறகு பார்ப்போம் என்று காத்திருக்காதீர்கள். முன்ஜாமீன் கிடைத்த பிறகு பெரிய பிரிவைச் சேர்த்தாலும், போலீஸ் நேராக வந்து கைது செய்துவிட முடியாது, நீதிமன்ற உத்தரவு வாங்க வேண்டும் என்று 2019-இல் பிரதீப் ராம் வழக்கில் தீர்ப்பு இருக்கிறது.

உங்களுடைய இரண்டாவது கேள்விதான் என்னைப் பொறுத்தவரை முக்கியமானது. மூன்று பேருக்கும் ஒரே வக்கீல் என்பது செலவுக்கு நல்லது. ஆனால் அப்பாவின் வாதம் ‘அவர்கள் அடித்தார்கள், நான் தடுத்தேன்’. தம்பியின் வாதம் ‘நான் அங்கே இல்லை’. பெரியப்பா மகனின் வாதம் என்ன? மம்பட்டிக் கணை யார் கையில் இருந்தது என்ற கேள்வி வந்தால், அவரைக் காப்பாற்றும் பதில் அப்பாவை மாட்டிவிடலாம். ஒரே வக்கீலால் இருவருக்கும் உண்மையாக இருக்க முடியாத இடம் அது. முன்ஜாமீன் மனுவை ஒருவரே போடலாம், தடையில்லை. கோர்ட் விசாரணைக்கு முன்னால் பெரியப்பா மகனுக்காவது தனி வக்கீல் வையுங்கள். பெரியப்பா வீட்டில் வருத்தப்படுவார்கள், இப்போதே பேசிவிடுவது நல்லது.

உங்கள் சிஎஸ்ஆரை விட்டுவிடாதீர்கள். அப்பாவின் காயத்துக்கும் ஏஆர் இருக்கும். ஒரே சம்பவத்தில் இரு தரப்பும் புகார் கொடுத்தால் இரண்டையும் ஒரே அதிகாரி விசாரிக்க வேண்டும் என்று போலீஸ் நிலையாணை 566 சொல்கிறது. புகாரைப் பதிவு செய்யவில்லை என்றால் எஸ்பிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, அதன் ரசீதை வையுங்கள். பிறகு மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். எதிர்வழக்கு இருந்தால் ஜாமீன் விசாரணையின் போக்கே மாறும்.

பார் சங்கப் பேச்சு பற்றி. கோயம்புத்தூரில் வக்கீல்களுக்கும் போலீஸுக்கும் ஏற்பட்ட மோதலில், குற்றம் சாட்டப்பட்ட போலீஸ்காரர்களுக்கு எந்த வக்கீலும் ஆஜராகக் கூடாது என்று அங்கே சங்கம் தீர்மானம் போட்டது. அந்த விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போய், 2010 டிசம்பரில் ஏ.எஸ். முகமது ரஃபி வழக்கில், அப்படிப்பட்ட தீர்மானங்கள் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். தனக்கு விருப்பமான வக்கீலை வைத்துக்கொள்வது அரசியலமைப்பின் 22(1) பிரிவு தந்த உரிமை. தனிப்பட்ட முறையில் ஒரு வக்கீல் காரணம் சொல்லி மறுக்கலாம், சங்கம் தடுக்க முடியாது. ஒரு வக்கீலாக எனக்கு இதில் கோபம் உண்டு. எந்த மனிதரையும் ஆளில்லாமல் கோர்ட்டில் நிறுத்தக் கூடாது என்பதற்காகத்தான் இந்தத் தொழிலே இருக்கிறது.

அம்மாவிடம் சொல்லுங்கள். வக்கீல் என்ற முறையில் ஆலோசனைக்காகச் சொன்னதை அவர் வெளியே சொல்லக் கூடாது, சாட்சியச் சட்டம் (பிஎஸ்ஏ) பிரிவு 132. உங்கள் தரப்பு ஆலோசனையைக் கேட்டுவிட்டு அதே வழக்கில் எதிர்த்தரப்புக்கு ஆஜராகவும் பார் கவுன்சில் விதி இடம் கொடுக்காது. சந்தித்த தேதியை எழுதி வையுங்கள்.

தம்பியின் டிக்கெட்டைத் தள்ளிப் போடுங்கள். இந்த நிலையில் விமானம் ஏறினால் தலைமறைவு என்று எழுதுவார்கள். முன்ஜாமீன் கிடைத்தாலும் தினமும் காலையில் ஸ்டேஷனில் கையெழுத்து என்று கண்டிஷன் வர வாய்ப்பு அதிகம். அதைத் தளர்த்தப் பிறகு மனு போடலாம். ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் அமீரக விசா போய்விடும் என்பது நீதிமன்றத்தில் சொல்லக்கூடிய நியாயமான காரணம். கம்பெனிக் கடிதம், விசா பக்கம், பழைய டிக்கெட் எல்லாம் அந்த மனுவுக்கு வேண்டும்.


சாத்தூர்க்காரி எழுதியது:

தங்கச்சி, என் வீட்டுக்காரர் மேல் வேலை பார்த்த இடத்தில் திருட்டு கேஸ் போட்டார்கள். ஸ்டோர் சாவி அவரிடம் இருந்தது, அதுதான் காரணம். அவரை ரிமாண்ட் செய்த அன்றைக்குக் கோர்ட் வாசலில் ஒருவர் வந்து, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். நகையை வைத்துப் பணம் கொடுத்தோம். ஜாமீன் எடுத்துத் தந்தார், பொய் சொல்லக் கூடாது. அதற்குப் பிறகு அவரைப் பார்ப்பதே அரிது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒவ்வொரு ஜூனியர். முக்கியமான சாட்சி கூண்டில் நின்ற அன்று வந்த பிள்ளைக்குக் கேஸ் என்னவென்றே தெரியாது. குறுக்கு விசாரணை இல்லை என்று பதிவாகிவிட்டது.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட் வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு என்று போர்டு பார்த்து உள்ளே போனேன். இலவச வக்கீல் என்றால் ஏனோதானோ என்று இருப்பார்கள் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். எங்களுக்கு வந்தவர் கட்டை முழுக்கப் படித்துவிட்டு, அந்தச் சாட்சியைத் திரும்ப அழைக்க 311 மனு போட்டார் (இப்போது அது பிஎன்எஸ்எஸ் 348 என்கிறார்கள்). சாட்சி திரும்ப வந்து, டூப்ளிகேட் சாவி ஆபீஸிலும் உண்டு என்று ஒப்புக்கொண்டார். கேஸ் அங்கேயே உடைந்தது.

பெண்கள், எஸ்சி எஸ்டி, மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள், இவர்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்க மாட்டார்கள், வக்கீல் உண்டு. 1987-ஆம் வருடச் சட்டம் அது. மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள். தாலுகா கோர்ட்டிலும் வட்டக்குழு இருக்கும். உன் அப்பாவையோ தம்பியையோ திடீரென்று பிடித்துவிட்டால், வக்கீல் வந்து சேரும் வரை இது கைகொடுக்கும். மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தும்போது, வக்கீல் இல்லை, சட்ட உதவி வேண்டும் என்று வாய் திறந்து சொல்ல வேண்டும் என்று இப்போதே அவர்களுக்குச் சொல்லிவை. பயத்தில் யாருக்கும் பேச்சே வராது.

இன்னொன்று. முதல் வக்கீலிடம் கட்டைத் திருப்பிக் கேட்டபோது, பாக்கிப் பணம் கொடுத்தால்தான் தருவேன் என்றார். ஃபீஸ் பாக்கிக்காக வக்கீல் கேஸ் கட்டைப் பிடித்து வைக்கக் கூடாது என்று 2000-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறதாம், ஆர்.டி. சக்சேனா வழக்கு என்று சட்ட உதவி வக்கீல் ஒரு தாளில் எழுதிக்கொடுத்தார். அதைக் காட்டியதும் கட்டு வந்தது. யாரை வைத்தாலும், நீ கொடுக்கும் ஒவ்வொரு தாளுக்கும் ஒரு ஜெராக்ஸ் உன் வீட்டில் இருக்கட்டும்.


மடைக்காரர் மகள் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கடையில் கேமரா இருந்தது. கடைக்கார அண்ணன் பதிவைப் பென்டிரைவில் எடுத்து வைத்துவிட்டார், தம்பி வந்ததும் போனதும் நேரத்தோடு தெளிவாக இருக்கிறது. பாளையங்கோட்டை வக்கீலிடம் சொன்னதும், பென்டிரைவ் மட்டும் போதாது, கருவியிலும் அப்படியே இருக்க வேண்டும், சான்றிதழ் வேண்டும் என்று கடைக்காரருக்கு ஒரு கடிதம் தயார் செய்திருக்கிறார். முன்ஜாமீன் மனு எழுதிக்கொண்டிருக்கிறார். மனுவுக்கு இவ்வளவு, விசாரணைக்குத் தனி என்று தாளில் எழுதியே கொடுத்தார்.

பெரியப்பா மகனுக்கு வேறு வக்கீல் என்றதும் வீட்டில் பெரிய சண்டை. அப்பாதான் ஆஸ்பத்திரியில் இருந்தபடியே சமாதானம் சொன்னார்.

இப்போது ஒரு சிக்கல். எங்களைக் கேட்காமல் மாமா அந்தக் கட்சி வக்கீலுக்கு இருபதாயிரம் முன்பணம் கொடுத்து, தம்பியிடம் வக்காலத்திலும் (தம்பிக்காக அவர் ஆஜராகலாம் என்ற தாள்) கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட்டார். என்ன செய்வது? பணம் போனால் போகட்டும், கேஸுக்குத் தொந்தரவு வருமா?


வழக்கறிஞர், தூத்துக்குடி எழுதியது:

வக்காலத்து இன்னும் கோர்ட்டில் தாக்கல் ஆகவில்லை என்றால் பெரிய பிரச்சினை இல்லை. தம்பி கையெழுத்திட்டு, உங்களை ஆஜராக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன், வக்காலத்தைத் திருப்பித் தரவும் என்று ஒரு கடிதம். பதிவுத் தபாலில் அனுப்பி, வாட்ஸாப்பிலும் அனுப்புங்கள். அவசரமாக அனுப்ப வேண்டும். ஏனென்றால் ஒரே ஆளுக்கு இரண்டு பேர் இரண்டு முன்ஜாமீன் மனு போட்டால், முந்தைய மனுவை மறைத்ததாக நீதிபதி நினைப்பார். உங்கள் வக்கீலிடம் இந்த விஷயத்தை இன்றே சொல்லிவிடுங்கள், மறைக்கவே கூடாது. ஒருவேளை தாக்கலாகியிருந்தால், ஆட்சேபணை இல்லை என்று அவரிடம் எழுதி வாங்கி மாற்று வக்காலத்து போடுவது வழக்கம். அவர் தரவில்லை என்றால் நீதிமன்றத்திடம் அனுமதி கேட்கலாம்.

பணத்தை மரியாதையாக எழுத்தில் கேளுங்கள். ஆலோசனைக்கு ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தால் அதோடு முடித்துக்கொள்ளுங்கள். ஜெயித்தால் இவ்வளவு என்றோ, போலீஸுக்குக் கொடுக்க என்றோ அவர் பணம் கேட்ட செய்தி ஏதாவது இருந்தால் அழிக்காதீர்கள். வழக்கின் முடிவை வைத்து ஃபீஸ் பேசுவது பார் கவுன்சில் விதிக்கே விரோதம். வழக்கறிஞர் சட்டம் 35-ஆம் பிரிவில் புகார் கொடுக்கலாம். ஆனால் அதைத் தம்பிக்கு முன்ஜாமீன் கிடைத்த பிறகு யோசிக்கலாம்.


கேஸ்கட்டு எழுதியது:

நல்லது அம்மா. மனு நம்பர் ஆனதும் எந்தத் தேதியில் லிஸ்டில் வருகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். உத்தரவு வந்த பிறகு ஆள் தேடி அலையக் கூடாது, ஜாமீன்தாரர்களை இப்போதே சொல்லி வையுங்கள். ஆளுக்கு இரண்டு பேர், அதில் ஒருவர் இரத்த உறவாக இருக்க வேண்டும் என்று உத்தரவு வரலாம். வீட்டுவரி ரசீது, ஆதார், ரேஷன் கார்டு அசலும் நகலும், பாஸ்போர்ட் அளவு போட்டோ. வரி ரசீது நடப்பு ஆண்டுடையதாக இருக்கட்டும். பழையதைக் கொண்டுவந்து திருப்பி அனுப்பப்பட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உத்தரவில் இத்தனை நாளுக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் ஆஜராகி ஜாமீன் கொடுக்க வேண்டும் என்று கெடு இருக்கும், அது தவறினால் முன்ஜாமீனே போய்விடும்.

தம்பியிடம் ஒன்று சொல்லுங்கள். ஸ்டேஷனில் கையெழுத்துப் போடப் போகும்போது நோட்டில் மட்டும் போடட்டும். வெற்றுத்தாளை நீட்டினால், வக்கீலைக் கேட்டுக்கொள்கிறேன் சார் என்று பணிவாகச் சொல்லிவிட்டு வரட்டும். அப்பாவை டிஸ்சார்ஜ் செய்யும்போது சம்மரியில் நெற்றிக் காயத்தின் அளவு எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். எதிர்வழக்குக்கு அது வேண்டும்.